இடது காலுக்கு ஓய்வு

 

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிட எளியதொரு பொருள். மோட்டார் வண்டி ஓட்டுபவரின் இடது கால் நெடுங்காலமாகச் செய்துவந்த ஒரு வேலை, படிப்படியாக அதனிடமிருந்து வாங்கப்பட்டு இயந்திரத்தினிடம் ஒப்படைக்கப்பட்ட வரலாறு அது. கேட்பதற்குச் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் யார் யார் வண்டி ஓட்டலாம், யார் யார் பிறர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து செல்வதோடு நிற்கவேண்டும் என்னும் பெரிய கேள்வி இந்தச் சிறு செய்திக்குள் அடங்கியிருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கத்து நாட்டுப்புறத்தில், ஏனாத்தூர் என்பது ஓர் ஊர். அவ்வூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, கியர் இல்லாத காரிலேயே ஓட்டப் பழகலாமா? அல்லது கியர் வண்டியில் பழகிவிட்டுத்தான் அதற்கு வரவேண்டுமா?" என்பதே அது. இளைஞர்கள் இதனை ஆவலினால் கேட்கிறார்கள். ஆனால், இளம்பிள்ளை வாதத்தினால் இடது கால் வலுவிழந்த ஒருவர் இதே கேள்வியைக் கேட்கும்போது அதன் எடை வேறாகிவிடுகிறது. அவருக்கு அது வசதியைப் பற்றிய கேள்வி அன்று; தம் வாழ்வில் தாமே சாலையில் செல்ல முடியுமா என்னும் கேள்வி. இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். வரலாற்றை அறிந்து விடை கூறுவது அதனினும் நன்று.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "கியர் இல்லாத கார்" என்று நாம் சொல்லுவது பேச்சு வழக்கு. பெட்ரோலினால் ஓடும் தானியங்கிக் கார் எதிலும் வேகத்தை மாற்றித் தரும் ஏற்பாடு ஒன்று இருந்தே தீரும். அதனை மாற்றும் வேலை மட்டுமே நம் கையையும் காலையும் விட்டுப் போயிருக்கிறது.

கியர் எதற்காக? வயலில் கிடக்கும் பெரும்பாறையை நம் கையினால் அசைக்க முடியாது. நீண்ட கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் பாறை அசைகிறது. ஆனால் நம் கை இரண்டு முழம் இறங்கினால் பாறை இரண்டு விரற்கடைதான் எழும்பும். வலிமையைப் பெற்றோம், தூரத்தை இழந்தோம். மோட்டார் வண்டியின் பற்சக்கரங்கள் செய்வதும் இதுவே. நின்ற வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் வலிமை வேண்டும். ஆகவே நீண்ட கடப்பாரை போன்ற முதற் கியர். சமவெளியில் விரைந்து செல்ல வேகம் வேண்டும். ஆகவே மேல் கியர். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நீராவி எஞ்சினைப் போல நின்ற நிலையிலிருந்தே அது சுமையை இழுக்காது. ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு வலிமை. ஆதலால் எஞ்சினைச் சுழலவிட்டுக்கொண்டே சக்கரத்தோடு அதனை இணைக்கவும் பிரிக்கவும் ஒரு கருவி தேவையாயிற்று. அதுவே கிளச்சு. அதனை மிதிக்கும் பணி இடது காலுக்கு வந்து சேர்ந்தது.

1890-களில் பிரான்சு நாட்டுப் பொறியாளர் எமில் லெவஸ்ஸோர் அமைத்த வண்டிகளில், பற்சக்கரங்களை ஒன்றின் அருகில் ஒன்றாகத் தள்ளிப் பொருத்தும் முறை வழக்கிற்கு வந்தது. சுழலும் இரண்டு பற்சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டுமானால் இரண்டின் வேகமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் பல்லோடு பல் மோதி எழும் ஓசை தெரு முழுதும் கேட்கும். கிளச்சை ஒருமுறை மிதித்து, விட்டு, எஞ்சினை முடுக்கி, மறுபடியும் மிதித்துக் கியரைச் சேர்க்கும் வித்தையைக் கைவரப் பெற்றவரே அந்நாளில் நல்ல ஓட்டுநர். போதாக்குறைக்கு, எஞ்சினை முன்புறம் கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது சில வேளைகளில் எதிர்ப்புறம் உதைத்துக் கையெலும்பை முறித்துவிடும். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காடிலாக் வண்டிகளில் மின்சாரத்தால் தானே கிளம்பும் ஏற்பாடு வந்தது. தோள்வலிமை இல்லாதவருக்கு மோட்டார் வண்டியின் கதவு திறந்தது அன்றுதான். தானியங்கி வரலாற்றின் முதற்படி அதுவே என்பது என் கருத்து.

நம் சென்னையிலும் அக்காலத்திலேயே மோட்டார் வண்டி கால்வைத்துவிட்டது. 1903-ஆம் ஆண்டில் சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தில் நீராவிக் கார் ஒன்று கட்டி ஓட்டப்பட்டது. ஆயினும் கார் வைத்திருந்தவர் வேறு, அதனை ஓட்டியவர் வேறு என்பதே நெடுங்காலம் நம் நாட்டு வழக்கமாக இருந்தது. செல்வர் பின்னால் அமர்வார். சம்பளம் பெறும் ஓட்டுநர் முன்னால் அமர்வார். ஓட்டுநர் கலை, பள்ளியில் கற்கும் கலையாக இருக்கவில்லை. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, சக்கரம் மாற்றி, ஆண்டுகள் சில கழிந்தபின் ஓட்டுநர் மனம் வைத்தால் ஸ்டியரிங்கைத் தொடலாம். குருகுலம் போன்றதோர் ஏற்பாடு அது. அதில் சேர்வதற்கு ஆணாக இருக்கவேண்டும். உடல் முழுமையும் வலுவாக இருக்கவேண்டும். இரவும் பகலும் வீட்டை விட்டு வெளியே இருக்கவேண்டும். இவை சட்டத்தில் எழுதப்பட்ட தகுதிகள் அல்ல. ஆயினும் எழுதப்பட்ட சட்டத்தைக் காட்டிலும் உறுதியாக அவை நின்றன.

மேலை நாடுகளில் இந்த வேலையை எளிதாக்கும் முயற்சி வேறுவேறு திசைகளிலிருந்து எழுந்தது. 1905-ஆம் ஆண்டில் செருமானியப் பொறியாளர் எர்மன் ஃபோட்டிங்கர் ஒரு புதுமையைப் பதிவு செய்தார். அவர் எண்ணியது காரைப் பற்றியன்று, கப்பலைப் பற்றி. விரைந்து சுழலும் டர்பைனின் வலிமையை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறிக்கு எண்ணெய் போன்ற ஒரு நீர்மத்தின் வழியே செலுத்தலாம் என்பதே அவர் கண்டது. இதனை எளிதில் விளக்கலாம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்கும். இரண்டாவது விசிறி தடைப்பட்டு நின்றாலும் முதலாவது நின்றுவிடாது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரு கூட்டுக்குள் அடைத்துவிட்டால், மிதிக்க வேண்டாத கிளச்சு ஒன்று கிடைத்துவிடுகிறது. இரண்டாவது விசிறி நின்றாலும் முதலாவது சுழன்றுகொண்டே இருக்கும் என்னும் குணத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஓட்டப் பழகும்போது அது நமக்குத் தேவைப்படும்.

பற்சக்கரங்களுக்கும் ஒரு வழி பிறந்தது. நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள், அவற்றையெல்லாம் வளைத்து நிற்கும் வெளி வளையம். சூரியனையும் கோள்களையும் போன்ற அமைப்பாதலால் இதற்குக் கோள் பற்சக்கரம் என்று பெயர். இதில் பற்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் வேண்டியதில்லை. ஏதேனும் ஓர் உறுப்பைப் பட்டையினால் இறுக்கிப் பிடித்தால் வேகம் மாறிவிடும். 1908-இல் வந்த ஃபோர்டு 'டி' வண்டி இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் பட்டையை இறுக்குவது ஓட்டுபவரின் கால். 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகள் அவ்வாறு செய்யப்பட்டன.

1928-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டிகளில், கியர் சேருமுன் இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒத்துப்போகச் செய்யும் ஓர் ஏற்பாடு வந்தது. அதனைக் கண்டவர் எர்ல் தாம்ப்சன். பல்லோடு பல் மோதும் ஓசையை நிறுத்திய அவரே, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, கியர் மாற்றும் வேலையையே மனிதரிடமிருந்து எடுத்துவிட்டார். நீர்மக் கிளச்சு ஒன்று, கோள் பற்சக்கரங்கள், எண்ணெய் அழுத்தத்தினால் வேகத்தை உணர்ந்து தானே தீர்மானிக்கும் அடைப்பிதழ்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த அந்தப் பெட்டிக்கு ஹைட்ராமேட்டிக் என்று பெயரிட்டனர். 1939-ஆம் ஆண்டின் இறுதியில், 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 57 டாலர் கூடுதல் விலைக்கு அது கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இலேசு டாங்கிகளில் அதே பெட்டி பொருத்தப்பட்டது. போர் முடிந்தபின், 1948-இல், ப்யூக் நிறுவனம் இரண்டு விசிறிகளுக்கு இடையே மூன்றாவது ஒன்றையும் வைத்து, வலிமையையே பெருக்கித் தரும் ஏற்பாட்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. 1958-இல் ஆலந்து நாட்டு டாஃப் நிறுவனம் பற்சக்கரத்தையே விலக்கிவிட்டு, அகலம் மாறும் கப்பிகளின்மீது ஓடும் ரப்பர்ப் பட்டையினால் வேகத்தை மாற்றும் சிறு காரை வெளியிட்டது.

இவ்வளவும் அங்கு நிகழ்ந்தபோது நம் நாட்டின் நிலை என்ன? அம்பாசடர் காரும் ஃபியட் காரும் ஆண்ட காலம் அது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே கியர்த்தடி இருக்கும். இடது கால் கிளச்சில் இருக்கும். தானியங்கிப் பெட்டியின் விலை அதிகம். பெட்ரோல் செலவும் அதிகம். பழுதானால் திருத்துவோர் அரியர். காருக்குச் சொந்தக்காரர் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருந்தபோது, ஓட்டுநருடைய இடது காலின் களைப்பைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால், தானாகவே இணைந்து பிரியும் கிளச்சு நம் கிராமத்துக்குக் காரின் வழியாக வரவில்லை. மொபெட்டின் வழியாக வந்தது. 1980-ஆம் ஆண்டில் ஓசூரில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி பிறந்தது. அதற்குக் கிளச்சுப் பிடியும் இல்லை, கியர் மிதியும் இல்லை. கவணில் வைத்துச் சுழற்றும் கல் வெளிநோக்கி இழுப்பதை நாம் அறிவோம். அதே விசையினால், எஞ்சின் விரையும்போது உள்ளே உள்ள கட்டைகள் வெளிநோக்கி விரிந்து ஓர் உருளையைப் பற்றிக்கொள்ளும், வண்டி நகரும். எஞ்சின் தணிந்தால் கட்டைகள் சுருங்கும், பிடி விட்டுப்போகும். உத்திரமேரூர்ச் சாலையில் பால் கேனும், கீரைக் கட்டும், நெல் மூட்டையும், பள்ளிப் பிள்ளைகளும் அவ்வண்டியில் செல்வதை நான் பல்லாண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதனை ஓட்டும் உழவரிடம் சென்று, "நீங்கள் தானியங்கிக் கிளச்சு வண்டி ஓட்டுகிறீர்கள்" என்று சொன்னால் அவர் சிரிப்பார். ஆனால் அது உண்மை. ஆலந்து நாட்டுச் சிறு காரில் ஓடிய பட்டையின் தத்துவமும் அவ்வாறே ஸ்கூட்டரின் வழியாக நம்மிடம் வந்தது. 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா முதலாக இன்று வீதியெங்கும் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வரையில் அத்தத்துவத்தைக் கொண்டவையே.

இதன் பயன் எண்ணெய்ச் செலவைக் கொண்டு அளக்கத்தக்கதன்று. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவோடு சக்கரமும் சேர்ந்தபோது கிணற்றுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரம் குறைந்தது. சைக்கிளுக்கு அடுத்த படி கியர் இல்லாத ஸ்கூட்டர். 2018-ஆம் ஆண்டில் தமிழக அரசு, வேலைக்குச் செல்லும் பெண்கள் அத்தகைய ஸ்கூட்டர் வாங்குவதற்கு, விலையில் பாதியோ 25,000 ரூபாயோ, எது குறைவோ அதனை மானியமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கால் வலுவிழந்தோருக்குப் பக்கவாட்டுச் சக்கரங்கள் இணைத்த ஸ்கூட்டர்களையும் அரசு வழங்கியிருக்கிறது. கியர் மிதியும் கிளச்சும் இருந்திருந்தால் அவ்வண்டிகளுள் பல அவர்களுக்குப் பயன்பட்டிருக்க மாட்டா.

இங்கே ஒரு தவறான கருத்து தலைகாட்டுவதுண்டு. கியர் வண்டி ஆண்களுக்கு, கியர் இல்லாதது பெண்களுக்கு என்பார் சிலர். 1993-ஆம் ஆண்டில் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அவர்கள் தமிழக அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார்கள். பெரும் பேருந்தின் கிளச்சையும் கியரையும் ஆண்டுகள் பல அவர்கள் கையாண்டது அனைவரும் அறிந்தது. ஆகவே, பெண்ணால் இயலாது என்பதற்காக எழுந்ததன்று இந்த மாற்றம். கற்பதற்கு வாய்ப்பும் நேரமும் வழிகாட்டியும் கிடைக்காதவருக்கு, ஏறவேண்டிய படிகளுள் ஒன்றை அது குறைத்துக் கொடுத்தது. அந்த அளவிலேயே அதனைப் பாராட்டவேண்டும்.

காருக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் செலிரியோ என்னும் சிறு காரில் ஒரு புதிய முறையை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதில் எண்ணெய் விசிறிகள் இல்லை. கோள் பற்சக்கரங்களும் இல்லை. வழக்கமான கிளச்சும் வழக்கமான கியர்ப் பெட்டியுமே உள்ளன. ஆனால் கிளச்சை மிதிக்கும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாக, கணிப்பொறியின் ஆணைப்படி இயங்கும் சிறு கருவிகள் அவ்வேலைகளைச் செய்கின்றன. விலை சிறிதளவே கூடியது. பெட்ரோல் செலவும் கட்டுக்குள் நின்றது. அதுவரையில் செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த தானியங்கிக் கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது இதனாலேதான்.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் சான்ட்ரோ கார் 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக அமைத்த தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. 2013-இல் பட்டையினால் வேகம் மாறும் மைக்ரா காரும், 2016-இல் கணிப்பொறி கியர் மாற்றும் க்விட் காரும் ஒரகடத்திலிருந்து வந்தன. 2018-இல் அதே வகைக் கியர்ப் பெட்டியுடன் புதிய சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இத்தொழிற்பேட்டைகளில் உருவாகும் வண்டியை, நம் ஊர்ச் சாலையில் நாமே ஓட்டக் கற்பது இயல்பான அடுத்த படியேயாகும்.

இனி, கற்பவர் அறியவேண்டியவற்றைச் சொல்லுகிறேன். தானியங்கிக் காரில் இரண்டே மிதிகள்: பிரேக்கு, ஆக்ஸிலரேட்டர். இரண்டுக்கும் வலது கால் ஒன்றே. இடது கால் ஓரத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். கியர் வண்டியில் பழகியவருக்கு இதுவே கடினம். கிளச்சை முழுதும் மிதித்துப் பழகிய இடது கால், நிறுத்தவேண்டிய வேளையில் தன் பழைய இடத்தைத் தேடிச் சென்று பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருபவர் மோதுவார். புதிதாகக் கற்பவருக்கு இத்தொல்லை இல்லை. பழையதை மறக்கவேண்டிய சுமை அவருக்குக் கிடையாதல்லவா?

கியர்த்தடியின் அருகே பி, ஆர், என், டி என்னும் எழுத்துகள் இருக்கும். நிறுத்திவைக்க, பின்செல்ல, இணைப்பின்றி நிற்க, முன்செல்ல என்பவை அவற்றின் பொருள். இந்த வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலத்து அமெரிக்க வண்டிகளில் நிறுவனத்துக்கு ஒரு வரிசை இருந்தது. சிலவற்றில், முன்செல்லும் நிலைகளை அடுத்து இறுதியில் பின்செல்லும் நிலை வைக்கப்பட்டிருந்தது. முன்னே போக எண்ணியவர் பின்னே போனார். 1965-ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் எழுதிய 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்னும் நூல் இக்குறையையும் எடுத்துக் காட்டியது. முன்செல்லும் நிலைக்கும் பின்செல்லும் நிலைக்கும் நடுவே இணைப்பற்ற நிலை இருந்தே ஆகவேண்டும் என்னும் விதி 1968-இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. நாம் இன்று விளையாட்டாகத் தள்ளும் அந்தத் தடியின் ஒவ்வோர் இடமும், எங்கோ யாரோ பட்ட துன்பத்தின் பயனாக வகுக்கப்பட்டது.

பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மிதித்துக்கொண்டுதான் 'டி'-க்குத் தள்ள வேண்டும். எண்ணெய் விசிறி அமைந்த வண்டிகளில், பிரேக்கை விட்டவுடனே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, வண்டி மெல்ல ஊரத் தொடங்கும். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன குணம் இதுதான். முதல் விசிறி சுழன்றுகொண்டே இருக்கிறது. பிரேக்கு என்னும் தடை நீங்கியவுடன் இரண்டாவது அதனைப் பின்தொடர்கிறது. ஆகவே வண்டி நிற்கிறது என்பதாலேயே அது அடங்கிவிட்டது என்று எண்ணலாகாது. இறங்குமுன் கைப்பிரேக்கை இழுத்து, 'பி'-யில் வைத்து, எஞ்சினை அணைக்கவேண்டும். கணிப்பொறி கியர் மாற்றும் சிறு கார்களுள் பலவற்றில் 'பி' என்னும் நிலை இல்லை. அவற்றை நிறுத்தும் முறையை வண்டியோடு வரும் கையேட்டைப் படித்து அறிந்துகொள்ள வேண்டும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்கும்போது 'டி'-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ்க் கியருக்குக் கையால் மாற்றி, எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு செய்யவேண்டும். கியரின் தத்துவத்தை அறியாதவர் தானியங்கியையும் செம்மையாக ஓட்ட இயலாது என்பதற்கு இதுவே சான்று.

மிகப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. பிரேக்கு என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அது. 1980-களில் அமெரிக்காவில் ஆடி கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று பெருங்கூச்சல் எழுந்தது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 1989-இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஓட்டியவரின் கால் மிதி மாறிப் பதிந்ததே காரணம் என்பது அதன் முடிவு. பிரேக்கை மிதித்தாலன்றி 'பி'-யிலிருந்து தடி நகராத பூட்டு பரவியது அதன் பின்னரே. கியர் வண்டியில் பதற்றத்தினால் தவறு செய்தால் பெரும்பாலும் எஞ்சின் அணைந்துவிடும். அது கற்பவருக்கு ஒரு காவல். தானியங்கியில் எஞ்சின் அவ்வாறு அணைவதில்லை. இடது காலுக்கு ஓய்வு தந்த இயந்திரம், வலது காலுக்குப் பொறுப்பை இரட்டிப்பாக்கியிருக்கிறது. ஆகவே, வெறுமையான ஒரு களத்தில், குதிகாலைத் தரையில் ஊன்றி, பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் பாதத்தை மாற்றி மாற்றி, எண்ணாமலே கால் சரியான இடத்தில் பதியும் வரையில் பழகவேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1914, 1939, 1988 என்று மும்முறை நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரு வகை உரிமம் வகுத்திருக்கிறது. காருக்கு அத்தகைய பாகுபாட்டை அது செய்யவில்லை. இங்கிலாந்தில் தானியங்கியில் தேர்வு பெற்றவர் தானியங்கியை மட்டுமே ஓட்டலாம். சப்பானும் 1991-இல் அவ்வாறு தனி உரிமம் வகுத்தது. நம் நாட்டிலோ தானியங்கியில் மட்டும் பழகி உரிமம் பெற்றவர், மறுநாளே கியர் வண்டியில் ஏறி அமர்வதைச் சட்டம் தடுப்பதில்லை. சட்டம் தடுக்காத இடத்தில் நம் அறிவே நம்மைத் தடுக்கவேண்டும்.

உத்திரமேரூர் நமக்கு அருகில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் கல்லிலே வெட்டிவைத்த விதிகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்க்கும் வாரியங்களுக்கு வருபவர் எவ்வயதினராக இருக்கவேண்டும், என்ன கற்றிருக்கவேண்டும், யார் வரலாகாது என்பவற்றையெல்லாம் அவர்கள் வகுத்தார்கள். பிறர் நலனைப் பாதிக்கும் ஒரு பொறுப்பைக் கையில் எடுப்பவர், அதற்குத் தகுதி உடையவர் என்று ஊருக்குக் காட்டவேண்டும் என்பதே அவ்விதிகளின் உட்பொருள். ஓட்டுநர் உரிமத்தின் உட்பொருளும் அதுவே. 18 வயது நிறைவதும், பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிவதும் அத்தகுதியின் தொடக்கமேயன்றி முடிவல்ல.

கிளச்சு போயிற்று, கியர் மாற்றுவது போயிற்று. போகாதவை எவை? ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே வருவதை எண்ணிப் பார்ப்பது, அறுவடைக் காலத்தில் சாலையோரம் காயும் நெல்லையும் அதன் பக்கத்தில் நிற்கும் மனிதரையும் கண்டு முன்கூட்டியே தணிவது, மாடு எப்பக்கம் திரும்பும் என்று பார்த்து நிற்பது, டி.வி.எஸ். 50-இல் பின்னால் பாராமல் வலப்புறம் திரும்பும் முதியவருக்கு இடம் விடுவது. அந்நாளில் ஓட்டப் பழகியவருடைய மனத்தில் பாதியைக் கிளச்சும் கியரும் பிடித்துக்கொண்டன. அந்தப் பாதி இன்று நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதனைச் சாலைக்குத் தருவோமா, சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசிக்குத் தருவோமா என்பதே நம் காலத்தின் கேள்வி.

ஆகவே, ஏனாத்தூர் இளைஞர்களுக்கு என் விடை இதுதான். தானியங்கிக் காரிலேயே தாராளமாகக் கற்கலாம். அதில் இழிவு ஏதும் இல்லை. கற்றபின், கியர் வண்டியை ஓட்ட நேருமானால், அதனைப் புதிய வண்டியாகவே கருதித் தனியே பழகுங்கள். இடது கால் வலுவிழந்த அந்த அன்பருக்கும் ஒரு சொல். வலது காலும் இரு கைகளும் கண்ணும் சரியாக இருக்குமானால், உங்களுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையே நின்ற கிளச்சு விலகிவிட்டது. மருத்துவரிடம் சான்று பெறுங்கள். போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பழகுங்கள். மற்றவர்க்கு வைக்கும் தேர்வையே தமக்கும் வைக்குமாறு கேளுங்கள். அத்தேர்வில் வென்று நீங்கள் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் நாளில், இவ்வளவு நேரம் நான் கூறிய வரலாறு உங்கள் பொருட்டும் நிகழ்ந்தது என்று கொள்ளுங்கள்.